வால் இடப்பக்கம் இருந்த அட்டைகள்

அத்தியாயம் பதினொன்று

ஜூலை 18, வியாழன்.

முதலில் ஒரு திருத்தம். நேற்றைய பதிவில், ‘என்னைப் பார்த்ததும் அண்ணி கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்’ என்று எழுதியிருந்தேன். அது தவறு. கதவை அறைந்தது காற்று. அந்த நேரத்தில் அண்ணி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தோள் நிறையத் துணியோடு அவள் படியிறங்கி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் அந்த வரியை அடிக்கவில்லை.

இன்று அடித்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் இந்தப் பதிவு முழுக்க அதன் அண்ணன் தம்பிகளைப் பற்றியது.

நான் பகலில் கார் பெயிண்ட் கலக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அண்ணியும் அங்கேதான். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பாடம். முதல் நாளே ஆசிரியை எல்லோரையும் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எடுத்த முடிவு, அதற்குக் காரணம், அந்த நேரத்து மனநிலை ஒரே சொல்லில், பத்துக்கு எவ்வளவு உறுதி. விளைவு தெரிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் ஒரே வாரத்தில் கைவிட்டார்கள். நான் விடவில்லை. வீட்டில் எனக்கு ‘நோட்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதில் ஜூன் 26ஆம் தேதிப் பதிவு இது: ‘மாலை ஆறு பத்து. மொட்டைமாடியில் அண்ணி போனில் பேசுகிறாள். “ரெண்டே பேர்தாங்க. ஒரு ரூம் போதும்.” முடிவு: அண்ணனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள். மனநிலை: கோபம். உறுதி: பத்து.’

அதை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அண்ணியிடம் கேட்கவில்லை. அண்ணனிடமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரமாக அண்ணிக்கும் எனக்கும் நடக்கும் பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது.

இன்று காலைப் பேச்சு இவ்வளவுதான்.

“டப்பா எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன்.”

அடுப்படியில் ரொட்டியைச் சுட்டுச் சுட்டு அண்ணி தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்றபடியே தின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு கட்டிடத்தில் எட்டு பேர் நடுவழியில் நிற்கிறார்கள் என்று போன் வந்திருந்தது.

“ஏய் நோட்டு, இன்னிக்கு எனக்கு எத்தனை மார்க்கு?”

“போய் அவங்களை இறக்கி விடு. அப்புறம் போடறேன்.”

“லிஃப்டுல மாட்டினவங்ககூட இவ்வளவு கடுகடுன்னு இருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே போறீங்க? டிரைவர் பாவம்.”

அப்பா நாற்காலியிலிருந்து சிரித்தார். அவர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இன்னும் மனசு திடுக்கிட்டால் வலது கால் தரையை அழுத்தும், பிரேக் போடுவது போல. அண்ணன் ‘டிரைவர் பாவம்’ என்றபோதுகூட லேசாக அழுத்தினார்.

நான் இரண்டு விஷயங்களைக் கவனித்து நோட்டில் எழுதினேன். ஒன்று: அண்ணியின் வலது கைவிரல்களில் நீலப் பெயிண்ட். ‘கையைச் சரியாகக் கழுவுவதில்லை. அலட்சியம். உறுதி: ஏழு.’ இரண்டு: அவள் பைக்குள் ஒட்டிய ஒரு வெள்ளைக் கவர். ‘வீட்டு ஒப்பந்தம். உறுதி: எட்டு.’

இரண்டும் தப்பு. எப்படித் தப்பு என்பதை வரிசையாகத்தான் எழுத வேண்டும். முந்திக்கொண்டு எழுதினால் என்னை நானே நல்லவளாக்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

எங்கள் பட்டறையின் வேலை இப்படி. இடி வாங்கிய காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நிறத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து உண்டாக்கி, ஒரு வெள்ளை அட்டையில் பிரஷ்ஷால் ஒரே இழுப்பு இழுத்துக் காயவைப்பார்கள். அட்டையையும் மூடியையும் பின்னறை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரியா தப்பா என்று சொல்வது என் வேலை. தப்பு என்றால் மறுபடி கலக்க வேண்டும்.

கலக்குகிறவர்கள் மூன்று பேர். மீசை, சோடா, அண்ணி. சோடாவுக்குப் போத்தல் அடிப்பாகம் மாதிரிக் கண்ணாடி. ஆனால் நிறத்தில் தடுமாற மாட்டார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஊரின் அந்தக் கோடியில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே தலைமைக் கலவைக்காரர் பதவி. நான்கு வாரம், ஆளுக்கு அறுபது அட்டை. யாருக்குத் தப்பு குறைவோ அவர்களுக்கு வேலை என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

அட்டையில் பெயர் எழுதாமல் பின்பக்கம் எண் மட்டும் போடலாம், எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் ஸ்டோர்காரரிடம் மட்டும் இருக்கட்டும் என்று யோசனை சொன்னவள் நான். வகுப்பில் படித்தது. ஆள் தெரிந்தால் கண் சாயும் என்று எல்லோர் முன்னாலும் விளக்கினேன். முதலாளியம்மா, “படிச்ச பொண்ணு பேச்சே தனி” என்று சொல்லிக் கைதட்டினார். அண்ணியும் தட்டினாள்.

நேற்று மாலை ஸ்டோர்காரர் கூட்டிப் படித்தார். மீசைக்கு ஒன்பது தப்பு. சோடாவுக்குப் பதினாலு. அண்ணிக்கு முப்பத்தொன்று.

“கடைசி வாரம் ரெண்டே ரெண்டுதாம்மா. நல்லாத் தேறிட்டீங்க. கொஞ்சம் முன்னாடியே தேறியிருக்கலாம்” என்றார் அண்ணியிடம்.

அண்ணி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கண்டிப்பால்தான் தேறினாள் என்று நினைத்தேன். நோட்டில் அப்படியே இருக்கிறது.

நேற்று வகுப்பில் நோட்டை மனநிலை வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். ‘கோபம்’ என்று எழுதிய ஒன்பது நாளில் முப்பத்திரண்டு தப்பு போட்டிருக்கிறேன். மற்றப் பதினொரு நாளில் இருபத்திரண்டு. கோபமான நாளில் எல்லோருக்கும் கண்டிப்பாக இருந்திருக்கிறேன், அவ்வளவுதானே என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

அவர் என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் மேல கோபம்?”

“எங்க அண்ணி மேல.”

“அவங்க அட்டையும் இதுல இருக்கா?”

“இருக்கு. ஆனா எது அவங்களோடதுன்னு எனக்குத் தெரியாது மேடம். பேரே கிடையாது.”

“சரி. உங்களுக்குத் தெரியாது. உங்க கண்ணுக்கும் தெரியாதான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்றார். அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தெரியாது என்பதை நிரூபித்துக் காட்டவே இன்று மதியம் பெட்டியை எடுத்தேன்.

தப்பான அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். போட்டிக்குப் பழைய மூடிகளையே எடுத்திருந்ததால் அவையும் அலமாரியில் இருந்தன. ஐம்பத்து நான்கு அட்டைகள். முதலாளியம்மா வெளியூர் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் மேசை மேல் பரப்பினேன்.

பரப்பியதும் தெரிந்துவிட்டது. எண்ணக்கூட வேண்டியதில்லை.

பிரஷ்ஷை வைக்கும் இடத்தில் பெயிண்ட் கனமாக இருக்கும். இழுத்து முடிக்கும் இடத்தில் மெலிந்து, நூல் நூலாகப் பிரிந்து, ஒரு வால் மாதிரி முடியும். வலது கைக்காரர்கள் இடமிருந்து வலமாக இழுப்பார்கள். வால் வலப்பக்கம் விழும். அண்ணி இடது கைக்காரி. அவள் வால் இடப்பக்கம்.

ஏழு வருடமாக அவள் இடது கையால் ரொட்டி திருப்புவதைப் பார்க்கிறேன். கையெழுத்துப் போடும்போது அவள் உள்ளங்கை மையில் புரள்வதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் நிஜமாகவே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.

வால் இடப்பக்கம் உள்ளவற்றைத் தனியாக எடுத்து எண்ணினேன். இருபத்தொன்பது. ஸ்டோர்காரர் கணக்குப்படி முப்பத்தொன்று இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருபத்தொன்பது. மூன்றாவது தடவையும் அதுதான். மொத்தம் ஐம்பத்து நான்கும் இருக்கிறது, ஆனால் இரண்டு இடிக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கெட்டி அட்டையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டினேன். அதை மேலே வைத்தால் நடு நிறம் மட்டும் தெரியும், வால் தெரியாது. ஐம்பத்து நான்கையும் நன்றாகக் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஓட்டை வழியாகப் பார்த்து, மூடிகளோடு வைத்துத் திரும்பவும் தீர்ப்புச் சொன்னேன்.

இருபத்து நான்கு அட்டைகள் சரியாக இருந்தன. சரியென்றால், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் சரி அல்ல. மூடியின் மேல் வைத்தால் எது மூடி எது அட்டை என்று விரலால் தொட்டுத்தான் சொல்ல முடியும், அப்படிச் சரி. திருப்பிப் பார்த்தேன். இருபத்து நான்கில் இருபத்திரண்டுக்கு வால் இடப்பக்கம்.

அந்த இருபத்திரண்டையும் மேசை ஓரத்தில் தனியாக அடுக்கினேன்.

அப்போது ஒரு சந்தேகம் வந்தது. கோபம் என் கண்ணைச் சாய்த்தது போல இப்போது வெட்கம் சாய்க்கிறதோ? குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் சரி என்கிறேனோ? இன்னொரு கண் வேண்டும்.

ரேடியோவைக் கூப்பிட்டேன். எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். வாடிக்கையாளருக்குப் பேச்சு பிடிக்கிறது என்று கண்டுபிடித்து முதலாளியம்மா அவரை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

“என்ன பாப்பா, எனக்குப் பரிட்சையா? பாஸ் ஆனா என்ன தருவ?”

“ஒண்ணும் தர மாட்டேன். இந்த ஓட்டை வழியாப் பாத்துச் சொல்லுங்க. மேல இருக்கற அட்டையைத் தூக்கக் கூடாது.”

“ஏன், கீழ பாம்பா இருக்கு? சரி வை. இது சரி. இது சரியில்ல, பச்சை ஏறியிருக்கு. எங்க மச்சான் ஒரு கார் வாங்கினான், இதே பச்சை, மழை பெஞ்சா கறுப்பாத் தெரியும், அவன் பொண்டாட்டி பார்க்கிங்ல தேடித் தேடி… இது சரி. இதுவும் சரி. யாரு கலந்தது இதை? அற்புதமா வந்திருக்கே.”

மச்சான் கதை முடிவதற்குள் ஐம்பத்து நான்கும் முடிந்தன. அவர் கணக்கிலும் இருபத்து நான்கு சரி. திருப்பினேன். இருபத்தொன்றுக்கு வால் இடப்பக்கம்.

ரேடியோ ஓட்டை அட்டையைத் தூக்கினார். வரிசையாக இடப்பக்கம் நீண்ட வால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இடது கையில் டம்ளர் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார்.

ரேடியோ நின்றுபோனதை நான் இன்றுதான் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் முன்பக்கம் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. அண்ணிக்கு உண்மையான தப்பு ஒன்பதோ பத்தோ. மீசைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அண்ணி ஜெயித்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். போட்டி இருந்திருக்கும். அந்தப் போட்டியை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். அதுவும் நடுநிலைக்காக நானே கண்டுபிடித்த முறைக்குள் உட்கார்ந்துகொண்டு.

ஐந்தரைக்கு வீடு வந்தேன். அண்ணிக்குக் கூடுதல் வேலை இருந்ததால் அடுத்த பஸ். பெட்டியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அப்பா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வால், ஓட்டை, ரேடியோ, எல்லாம்.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

“இந்தப் பதவி கிடைச்சிருந்தா அவங்க ரெண்டு பேரும் அந்தக் கோடிக்கே குடி போயிருப்பாங்க, இல்ல?”

“ஆமாப்பா. அதுக்குத்தான் அந்த ரூம் பாத்திருக்காங்க.”

“கிடைக்கலன்னா?”

“இங்கேயே இருப்பாங்க.”

“அப்புறம் என்ன?” என்றார். “நாளைக்கு லிஸ்ட் ஒட்டிடுவாங்க. முடிஞ்சு போச்சு. பெட்டியை எடுத்த இடத்துல வெச்சுடு.”

“அப்பா!”

“கத்தாத. நீ வேணும்னா செஞ்ச? இல்லையே. உனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சது. வேணும்னு செய்யாததுக்கு யாராவது போய்க் கழுத்தை நீட்டுவாங்களா? உன் வேலையும் போகும். உன் அண்ணனும் போவான். யாருக்கு லாபம்?”

“அண்ணிக்கு.”

“அவளுக்கு என்ன குறை இங்க?” அப்பாவின் குரல் ஏறியது. “நான் என்ன கெடுதல் பண்ணினேன் அவளுக்கு? எனக்கும்தான் அவ மேல கோபம். உன் பையனை ஒருத்தி சத்தமில்லாம கூட்டிட்டுப் போறான்னா உனக்குத் தெரியும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நேற்று வரை என் மனதில் இருந்ததுதான். அவர் வாயில் கேட்கும்போது மட்டும் அசிங்கமாக இருந்தது.

அண்ணி தனியாகப் போக நினைப்பது உண்மையாகவே இருக்கலாம். என் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் கலந்த சாம்பல் நிற அட்டை ஒன்று மூடியோடு அப்படியே ஒத்துப்போனது. அவள் போவதற்கும் சாம்பல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

“அப்பா, நேத்து வரைக்கும் நான் வேணும்னு செய்யல. நாளைக்குச் சொல்லாம இருந்தேன்னா, வேணும்னு செஞ்சதா ஆயிடும்.”

அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. நன்றாக, முழுப் பாதமும் பதியும்படி.

பென்சிலை மறுபடி எடுத்து, “அந்தப் பழைய பேப்பர் கட்டுல போன வாரத்து விடை இருக்கும், எடுத்துட்டு வா” என்றார். பேச்சை மாற்ற அவருக்குக் குறுக்கெழுத்தை விட்டால் வேறு வழி தெரியாது.

துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் பேப்பர் கட்டு இருக்கும். மேலே இருந்ததை எடுத்துவிட்டு அடுத்ததை இழுத்தேன். பாதி மடித்துச் செருகியிருந்த தாள்கள் சரிந்து விழுந்தன.

எல்லாவற்றிலும் பெயிண்ட் இழுப்புகள். நீலம். ஒரு தாளுக்கு முப்பது, நாற்பது. முதல் தாளில் குழந்தை கிறுக்கியது மாதிரிக் கோணல் மாணல். பிரஷ் நடுவில் தடுக்கி நின்ற இடங்களில் திட்டுத் திட்டாக இருந்தது. அடுத்த தாளில் கொஞ்சம் நேராகியிருந்தது. நான்காவது தாளில் ஒரே சீராக, கனமாகத் தொடங்கி மெலிந்து முடிந்திருந்தது.

எல்லா வால்களும் வலப்பக்கம்.

பேப்பர் தாள்களின் தலைப்பில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தேன். ஜூலை 7. 8. 9. 10. கடைசி வாரம் தொடங்கியது 11ஆம் தேதி.

அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்கில் இடித்த இரண்டு அட்டைகள் எவை என்று தெரிந்துவிட்டது. அவை பெட்டியில்தான் இருந்தன, வலப்பக்க வாலோடு. கடைசி வாரத்தின் ‘ரெண்டே ரெண்டு’. அண்ணி தேறவில்லை. அவள் எப்போதும் கலப்பது போலத்தான் கலந்திருக்கிறாள். கையை மட்டும் ஒளித்திருக்கிறாள். என்னிடமிருந்து.

காலையில் பார்த்த வலது கை நீலம் நினைவுக்கு வந்தது. ‘அலட்சியம். உறுதி: ஏழு.’

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அண்ணி கைகழுவ நேராக அங்கேதான் வந்தாள். என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த தாள்களைப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள்.

“குப்பைதான் அது. தூக்கிப் போட மறந்துட்டேன்.”

“அண்ணி…”

“தரை ஈரம். எந்திரி.”

“அண்ணி, பெட்டியை மறுபடியும் பாத்தேன். ரேடியோவும் பாத்தாரு. இருபத்தொண்ணு சரி அண்ணி. நான்தான்…”

அவள் சோப்பு போட்டாள். இடது கையால் வலது கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அந்த நீலம் சீக்கிரம் போகாது.

“எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“ரெண்டாவது வாரம் சந்தேகம். மூணாவது வாரம் ஒரு சிவப்பு. ஒரே டின்லேருந்து சோடாவை ஒரு அட்டை இழுக்கச் சொன்னேன், நானும் ஒண்ணு இழுத்தேன். அவர் நம்பர்ல ஒண்ணு, என் நம்பர்ல ஒண்ணு. அவரோடது சரி. என்னோடது தப்பு.” குழாயை மூடினாள். “அன்னிக்குத் தெரிஞ்சது எனக்கு. உனக்குத் தெரியுமான்னுதான் தெரியல.”

“தெரியாது அண்ணி. சத்தியமா.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஊகித்து எழுதப் போவதில்லை.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? அட்டையில பேரே இல்லை. முறையை எல்லாரும் கைதட்டி ஒத்துக்கிட்டாச்சு. நானும்தான் தட்டினேன். தோத்தவ வந்து கண்ணு சரியில்லன்னு சொன்னா யார் கேப்பா?” துண்டை எடுத்துக் கை துடைத்தாள். “உன் அண்ணன்கிட்ட சொன்னா அவன் உன்கிட்ட கேப்பான். நீ அழுவ. அப்புறம் நான்தான் வீட்டைப் பிரிச்சேன்னு ஆகும். அதான் ஏற்கெனவே ஆயாச்சே, இல்ல?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“மாடியில நீ கதவுக்குப் பின்னால நின்னது தெரியும். ஆமா, ரூம் பாத்தேன். உன் அண்ணனுக்கும் தெரியும். அந்த வார ஞாயித்துக்கிழமை உக்காந்து உங்க எல்லார்கிட்டயும் பேசலாம்னு இருந்தோம். அதுக்குள்ள வீட்டுல யாரும் என் முகத்தையே பாக்கல. யார்கிட்ட பேசறது?”

நான் அழவில்லை. அழுதால் அவள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நாளைக்குக் காலையில முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன் அண்ணி. எல்லாத்தையும்.”

“சொல்லு. உனக்காகச் சொல்லு. எனக்கு அது தேவைப்படாது.”

“ஏன்?”

“இன்னிக்கு மதியம் ஒரு கவர் அவங்க மேசையில வெச்சுட்டு வந்தேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு.” துண்டைக் கொடியில் போட்டாள். “பதினோரு வருஷமா நிறம் பாத்த கை. அதை மறைச்சு மறைச்சு வேலை செய்ய முடியாது.”

உள்ளே போய்விட்டாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கேட்டது என்று தெரியாது. அண்ணி அவரைத் தாண்டும்போது, “அம்மாடி” என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். அவள் நின்றாள். அவர் குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்தார். அவள் அறைக்குள் போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். இதை நான் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

இப்போது ஏழே கால். அண்ணன் இன்னும் வரவில்லை. அந்த எட்டு பேரும் காலையிலேயே பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று செய்தி அனுப்பியிருக்கிறான். கீழே, ‘மார்க் எங்கே?’ என்று ஒரு வரி. அவனுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இன்றைய கட்டங்களை நிரப்பினேன். முடிவு: சொல்லிவிடுவது. காரணம் என்ற இடத்தில் மூன்று தடவை எழுதி அடித்தேன். அண்ணிக்காக என்று எழுதினால் பொய் கலந்திருக்கிறது. எனக்காக என்று எழுதினாலும் முழுதாக இல்லை. ‘அட்டை சரியாக இருந்தது’ என்று எழுதினேன். மனநிலை: வெட்கம். உறுதி என்ற கட்டத்தில் மட்டும் எண் போடவில்லை. இந்த மாதம் நான் போட்ட எண்களை எல்லாம் பார்த்த பிறகு கை வரவில்லை.

முதலாளியம்மா ஊரிலிருந்து திரும்பி நாளைக் காலை எட்டு மணிக்கு வருவார். வந்ததும் முதலில் மேசையில் இருக்கும் கடிதங்களைப் பிரிப்பார். அது அவர் வழக்கம்.

நாளை ஆறே முக்கால் பஸ்ஸில் ஏற வேண்டும். பெட்டி, ஓட்டை வெட்டிய அட்டை, இந்த நோட்டு மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்தக் கவரைப் பிரிப்பதற்கு முன்னால் நான் அவர் அறை வாசலில் நிற்க வேண்டும்.